அறிவர் கோயிலைப் புதுக்கிய ஆசிரியர் இளங்கௌதமர்

அருகப் பெருமானின் திருவடிகளை வணங்கி, இத்திருநாள் மலரில் ஆசிரியப் பெருமகனார் ஒருவரின் வாழ்வை நினைவுகூர விழைகின்றோம்.

புதுக்கோட்டை நகருக்கு வடமேற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில் சித்தன்னவாசல் மலை நீண்டு கிடக்கின்றது. அதன் மேற்குச் சரிவில், பாறையைக் குடைந்து அமைக்கப்பட்ட அறிவர் கோயில் உள்ளது. நம் குடும்பங்களில் பலர் அங்குச் சென்றிருக்கக்கூடும். விதானத்தில் தீட்டப்பெற்ற தாமரைத் தடாகத்தை அண்ணாந்து நோக்கி வியந்திருக்கவும் கூடும். ஆயினும் திரும்பும் வழியில், முகப்பின் தென்புறப் பாறையில் வரிவரியாகப் பொறிக்கப்பட்டுள்ள தமிழ்க் கல்வெட்டின் முன்னே நின்று பார்ப்பவர் சிலரே. பாடல் வடிவில் அமைந்த அந்தக் கல்வெட்டே, மதுரை ஆசிரியர் என்று புகழப்பெற்ற இளங்கௌதமரின் வாழ்க்கை வரலாறு. அவருடைய பெயர், அவர்தம் ஊர், அவர் வாழ்ந்த காலத்து வேந்தன், அவர் ஆற்றிய திருப்பணி என்னும் நான்கினையும் அது நமக்குத் தருகின்றது. ஒரு மனிதர் தம் நம்பிக்கையை எவ்வாறு வாழ்ந்து காட்டினார் என்பதை அறிய இந்நான்கும் போதும்.

பெயர் தரும் விளக்கம்

கௌதமர் என்னும் பெயர் நமக்குப் புதியதன்று. மகாவீரப் பெருமானின் தலைமைக் கணதரர் இந்திரபூதி கௌதமர். வேதங்களில் வல்லவராகவும், தம் கல்வியில் பெருமிதம் உடையவராகவும் விளங்கிய அவர், வாதம் புரியும் எண்ணத்துடனேயே வீரநாதரின் சமவசரணத்தை நோக்கி வந்தார். அதன் வாயிலில் உயர்ந்து நின்ற மானத்தம்பத்தைக் கண்ட அளவிலேயே அவருடைய செருக்கு அடங்கிற்று என்பது நம் மரபு. செருக்கு அடங்கிய நெஞ்சில் நற்காட்சி பிறந்தது. வெல்ல வந்தவர் மாணாக்கரானார், மாணாக்கர் கணதரரானார், பெருமானின் திருமொழியை உலகிற்கு வகுத்துரைக்கும் பேறு பெற்றார்.

அப்பெருமகனாரின் பெயரைத் தாங்கி, இளம் என்னும் அடைமொழியுடன் விளங்கியவர் நம் ஆசிரியர். சமவசரணத்தின் முன்னே நம்பிக்கை கைவரப்பெற்றவர் முதற் கௌதமர். அதே சமவசரணத்தின் காட்சி ஓவியமாகத் திகழும் கோயிலைப் புதுக்கியவர் இளங்கௌதமர். ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகள் இடைவெளி கொண்ட இருவரையும் இணைப்பது இந்த ஒரு காட்சியே. முன்னவர் கண்டதைப் பின்னவர் தம் காலத்து மக்களும் காணும்படி செய்தார்.

ஆசிரியர் என்னும் சிறப்பும் எண்ணத்தக்கது. நாள்தோறும் நாம் ஓதும் பஞ்ச நமஸ்காரத்தில் அருகர், சித்தர் ஆகியோரை அடுத்து மூன்றாவதாக ஆசாரியரை வணங்குகின்றோம். தாமும் ஒழுகிப் பிறரையும் ஒழுகச் செய்பவர் ஆசாரியர். கல்வெட்டு இளங்கௌதமருக்குச் சூட்டும் ஆசிரியர் என்னும் பெயர் அந்தப் பொறுப்பையே சுட்டுகின்றது.

போர்கள் மலிந்த காலம்

இளங்கௌதமர் வாழ்ந்தது பாண்டியன் சீமாறன் சீவல்லபன் ஆட்சிக்காலம். அவனிபசேகரன் என்னும் விருதுப்பெயர் கொண்ட அவ்வேந்தன் கி.பி. 815 முதல் 862 வரை ஆண்டவன் எனக் கணக்கிடப்படுகின்றான். அவன் ஈழத்தின்மீது படையெடுத்தான். குடமூக்கு என்னும் இன்றைய கும்பகோணத்தில் பகைவரை வென்றான். தெள்ளாற்றில் பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மனிடம் தோல்வியும் கண்டான். ஆட்சியின் இறுதியில் ஈழத்துப் படைகள் மதுரைக்குள்ளேயே புகுந்தன. இன்றைய புதுக்கோட்டைப் பகுதி அந்நாளில் பாண்டியர்க்கும் பல்லவர்க்கும் இடைப்பட்ட எல்லைநிலம். முத்தரையரும் கொடும்பாளூர் இருக்குவேளிரும் அங்குச் செல்வாக்குடன் விளங்கினர். படைகள் போவதும் வருவதுமாக இருந்த நாடு அது.

சமய நிலையும் எளிதாக இல்லை. மதுரை நம் மரபில் பெருமை பெற்ற நகரம். வச்சிரநந்தி ஆசிரியர் 5ஆம் நூற்றாண்டில் திராவிட சங்கத்தை நிறுவியது அந்நகரிலேயே என்பர். ஆனால் 7ஆம் நூற்றாண்டில் பாண்டிய அரசவையின் சார்பு மாறியது. பக்தி இயக்கம் ஊர்தோறும் பரவியது. அரசர் ஆதரவும் மக்கள் திரளும் ஒருசேரக் குறைந்த பின்னும், பள்ளிகளையும் மலைக்கோயில்களையும் விட்டகலாது காத்து நின்றனர் நம் முன்னோர்.

அவ்வாறு காத்தவர்கள் செயலிழந்து கிடக்கவில்லை என்பதற்குச் சான்றுகள் பல. அச்சணந்தி ஆசிரியர் ஆனைமலை, அழகர்மலை, உத்தமபாளையம் முதலிய இடங்களில் தீர்த்தங்கரர் திருவுருவங்களைப் பாறையில் செதுக்கச் செய்தார். பழனிக்கு அருகிலுள்ள ஐவர்மலையில், சீமாறனின் மகனான இரண்டாம் வரகுணனின் 8ஆம் ஆட்சியாண்டில், சக ஆண்டு 792இல், அதாவது கி.பி. 870இல், குணவீரக் குரவடிகளின் மாணாக்கர் சாந்திவீரக் குரவர் பார்சுவநாதர் திருவுருவத்தையும் இயக்கியர் உருவங்களையும் புதுப்பித்தார். திருவமுதுக்கும் ஓர் அடிகளின் உணவுக்கும் 505 காணம் பொன்னும் வைத்தார். புதுக்கோட்டைப் பகுதியிலேயே தேனிமலையில் தவம் புரிந்த மலயத்துவசர் என்னும் முனிவரை இருக்குவேள் ஒருவன் கண்டு வணங்கி, அவிப்புறமாக நிலம் அளித்தான். புயலடித்த இரவில் அங்கங்கே எரியும் அகல்களைப் போன்றவை இச்செய்திகள். அவற்றுள் ஒன்றே சித்தன்னவாசலில் இளங்கௌதமர் ஏற்றிய ஒளி.

அவருக்கு முன்னரே ஆயிரம் ஆண்டு

இளங்கௌதமர் வந்தடைந்த மலை வெறும் மலையன்று. அதன் உச்சிப்பகுதியில் ஏழடிப்பட்டம் என்னும் இயற்கைக் குகைத்தளம் உள்ளது. வழவழப்பாகத் தேய்க்கப்பட்ட 17 கற்படுக்கைகள் அங்குள்ளன. அவற்றுள் ஒன்றின் அருகே தமிழ்ப் பிராமி எழுத்தில் ஒரு கல்வெட்டு காணப்படுகின்றது. கி.மு. முதல் நூற்றாண்டளவில் பொறிக்கப்பட்ட அது, எருமிநாட்டுக் குமிழூரில் பிறந்த காவுதி ஈதன் என்பவருக்காகச் சிறுபோசில் இளையர் அமைத்த இருக்கை அது எனத் தெரிவிக்கின்றது. எருமிநாடு இன்றைய மைசூர்ப் பகுதி என்பது ஆய்வாளர் கருத்து. நெடுந்தொலைவிலிருந்து வந்த துறவிக்கு, உள்ளூரைச் சேர்ந்த ஒருவர் கல்லில் படுக்கை செய்து கொடுத்தார். நம் மரபில் இல்லறத்தாரும் துறவறத்தாரும் ஒருவரையொருவர் தாங்கி நின்றமைக்கு இதனினும் எளிய சான்று வேண்டுவதில்லை.

அப்படுக்கைகளில் பிற்கால எழுத்துக்களிலும் துறவியர் பெயர்கள் காணப்படுகின்றன. தொழக்குன்றத்துக் கடவுளன், திருநீலன், திருப்பூரணன், திருச்சாத்தன் முதலிய பெயர்கள் அவற்றுள் உள்ளன. பல நூறு ஆண்டுகள் இடையிட்டும் அம்மலை தவத்தோரை ஏற்றுக்கொண்டே இருந்தது. கீழே மேற்குச் சரிவில் அறிவர் கோயில் குடையப்பட்டதும் இத்தொடர்ச்சியின் ஒரு கட்டமே.

எனவே இளங்கௌதமர் புதிய மரபு எதனையும் தொடங்கவில்லை. புதிய மலையைத் தேடவில்லை. முன்னோர் பெயரை மறைத்துத் தம் பெயரை நிறுவவும் முற்படவில்லை. இருந்ததைக் கண்டார், அது தளர்ந்திருப்பதைக் கண்டார், அதனைத் தாங்குவது தம் கடன் எனக் கொண்டார். அவருடைய வாழ்வின் சாரம் இவ்வளவே.

ஆசிரியரின் திருப்பணி

மதுரையிலிருந்து சித்தன்னவாசல் இன்றைய சாலைவழியில் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். நடந்து செல்வோர்க்கு அது பல நாள் பயணம். அந்நாளில் அண்ணல்வாயில் என வழங்கிய ஊரின் எல்லையில் இருந்த கோயில், அளவில் மிகச் சிறியது. கருவறை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் ஏறத்தாழ ஒன்பதரை அடி. அதன் முன்னுள்ள மண்டபம் ஏறத்தாழ இருபத்திரண்டரை அடி நீளமும் ஏழரை அடி அகலமும் கொண்டது. பெருங்கோயில்களின் காலம் தொடங்கிவிட்ட ஒரு நாட்டில், ஒரு சிறு குகைக்கோயிலுக்காக மதுரை ஆசிரியர் ஒருவர் இவ்வளவு முயன்றார்.

கருவறையின் பின்சுவரில் மூன்று திருவுருவங்கள் அமர்ந்த நிலையில் உள்ளன. இரண்டின் மேல் முக்குடை விளங்குகின்றது. அவை தீர்த்தங்கரர் உருவங்கள். மூன்றாவதன் மேல் ஒற்றைக் குடை. அது ஓர் ஆசாரியரின் உருவம். மண்டபத்தின் தென்சுவர் மாடத்தில் பாம்பு குடைபிடிக்கப் பார்சுவநாதர் அமர்ந்துள்ளார். எதிரே வடசுவர் மாடத்தில் ஒற்றைக் குடையின் கீழ் ஆசாரியர் ஒருவர் அமர்ந்துள்ளார். அருகிலுள்ள தூணில் திருவாசிரியன் என்னும் சொல் பொறிக்கப்பட்டுள்ளது. தீர்த்தங்கரர்க்கு எதிரே ஆசிரியர்க்கும் ஓரிடம் வகுத்த கோயில் இது. நெறியை அருளியவரும் நெறியைக் கைமாற்றித் தந்தவரும் ஒரே கூரையின் கீழ் வழிபடப்பெற்றனர்.

இக்கோயிலின் அகமண்டபத்தை இளங்கௌதமர் புதுக்கினார். அதற்கு முன்னே கல்லால் ஒரு முகமண்டபமும் எடுத்தார். இச்செய்தியே கல்வெட்டின் மையம். அவர் எடுத்த முகமண்டபம் காலப்போக்கில் சிதைந்தது. இன்று நாம் காணும் தூண்களையுடைய முன்மண்டபம், புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் நிருவாகியாக இருந்த டாட்டன்ஹாம் காலத்தில், குடுமியான்மலையில் இடிந்து கிடந்த மண்டபத்தின் தூண்களைக் கொணர்ந்து 20ஆம் நூற்றாண்டில் அமைக்கப்பட்டது. ஒருவர் எடுத்தது சிதைய, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்குப் பின் வேறு சமயத்தவர் ஒருவர் அதே இடத்தில் மண்டபம் எழுப்பக் காரணமானார். அறப்பணி எவர் கையால் தொடரும் என்பதை யாரே முன்னறிவார்?

கோயிலின் ஓவியங்களை நெடுநாள் முதலாம் மகேந்திரவர்மன் காலத்தன எனவே கருதிவந்தனர். இக்கல்வெட்டின் பொருள் தெளிவாக ஆராயப்பட்ட பின்னர், இன்று காணப்படுவனவற்றுள் பெரும்பகுதி 9ஆம் நூற்றாண்டுப் புதுக்கலின்போது தீட்டப்பெற்றவை என்னும் கொள்கை வலுப்பெற்றது. பாறையின் மேல் மெல்லிய சுண்ணச்சாந்து பூசி, அதன்மேல் இன்னும் மெல்லிய வெண்சுண்ணம் தீற்றி, அப்பரப்பில் காவி, மஞ்சட்காவி, கரி, சுண்ண வெண்மை, பச்சை, நீலம் ஆகிய வண்ணங்களால் ஓவியம் தீட்டினர். விரல் நுனியால் அளக்கத்தக்க அந்த மெல்லிய பூச்சு, பதினொரு நூற்றாண்டுகளின் வெயிலையும் மழையீரத்தையும் மனிதர் கைகளையும் தாங்கி, சிதைந்தும் சிதையாமலும் நிற்கின்றது.

தடாகம் உரைக்கும் அறம்

விதானத்தில் விளங்குவது ஒரு பொய்கை. தாமரை மலர்களும் மொட்டுகளும் பரந்த இலைகளும் நெருங்கிக் கிடக்கின்றன. மீன்கள் நீந்துகின்றன. அன்னங்கள் திரிகின்றன. யானைகள் நீராடுகின்றன. எருமைகளும் நீரில் நிற்கின்றன. அவற்றினிடையே பவ்வியர் மூவர் தாமரை கொய்யும் நிலையில் காணப்படுகின்றனர்.

இப்பொய்கை சமவசரணத்தின் ஒரு பகுதியைக் காட்டுவது என அறிஞர் விளக்குவர். பெருமான் அறமுரைக்கும் பேரவையைச் சூழ்ந்து பல நிலங்கள் வட்டம் வட்டமாக அமைந்துள்ளன. அவற்றுள் இரண்டாவது நீர்நிலைகள் நிறைந்த காதிகா பூமி. அவைக்குச் செல்லும் நல்லுயிர்கள் வழியில் அங்கே இறங்கி, கால் கழுவி, இளைப்பாறி, மலர் கொய்து, மேலே செல்வர்.

இக்காட்சியை ஆழ்ந்து நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். ஓவியர் முதன்மையாகத் தேர்ந்தெடுத்தது முடிவான இடத்தை அன்று. பெருமானின் திருமுன் அமர்ந்துவிட்டவர்களையும் அன்று. இன்னும் சென்று சேராதவர்களையே அவர்கள் தீட்டினர். அப்பொய்கையில் நிற்பவர்களின் கால்கள் சேற்றில் உள்ளன. அவர்களைச் சுற்றிலும் எருமையும் மீனும் அன்னமும் தத்தம் போக்கில் வாழ்கின்றன. புதுக்கோட்டைச் சீமையின் எந்த ஊருணியிலும் கோடைக்கு முன் காணத்தக்க காட்சி அது. அந்த அன்றாட நீரில் நின்றுகொண்டே அவர்கள் கையில் மலரேந்துகின்றனர். அந்த மலர் செல்லவேண்டிய இடத்தையும் அறிந்திருக்கின்றனர்.

நம்பிக்கை என்பது இதுவே. வாழ்க்கையை விட்டு வெளியேறிய பின் தொடங்குவதன்று அது. வயலிலும் கடையிலும் அலுவலகத்திலும் அடுக்களையிலும் நின்றவண்ணம், நாம் செல்லும் திசையை மறவாதிருத்தல். மும்மணிகளுள் நற்காட்சி முதலாவதாக வைக்கப்பட்டதன் காரணமும் அதுவே. திசை தெளிந்தால்தான் அறிவு பயன்படும். அறிவு பயன்பட்டால்தான் ஒழுக்கம் நிலைக்கும்.

தூண்களில் ஆடல் மகளிர் இருவரின் ஓவியங்களும், அரசன் அரசியின் ஓவியமும் உள்ளன. அவ்வரசன் சீமாறன் சீவல்லபனே என்பது அறிஞர் பலர் கருத்து. போரில் வென்றும் தோற்றும் அலைந்த ஒரு வேந்தன், இக்கோயிலில் படைக்கலமின்றி வழிபடுவோனாக நிற்கின்றான். அவனுக்குரிய இடம் தூணில். பவ்வியர்க்குரிய இடம் விதானத்தில்.

நற்காட்சியின் ஆறாம் உறுப்பு

நற்காட்சிக்கு உறுப்புகள் எட்டு என்று நம் நூல்கள் வகுக்கின்றன. அருகன் நெறியில் ஐயம் கொள்ளாமை, வழிபாட்டுக்குக் கைம்மாறாக உலகியல் இன்பத்தை அவாவாமை, பிறரின் உடற்குறையும் நோயும் கண்டு அருவருக்காமை, போலி நெறிகளில் மயங்காமை, அறத்தோர்க்கு வந்த பழியை நீக்குதல், நெறியினின்று தளர்ந்தவரை மீண்டும் நிலைநிறுத்துதல், அறத்தோரிடம் அன்பு பூணுதல், அறத்தை உலகறிய விளக்குதல் என்பன அவை. அருங்கலச்செப்பு கற்றோர் இவற்றை நன்கறிவர்.

இவற்றுள் முதல் நான்கும் ஒருவர் தம் நெஞ்சினுள் காக்க வேண்டியவை. பின்னைய நான்கும் பிறரை நோக்கி விரிபவை. ஒருவருக்கு உள்ள நம்பிக்கை மற்றொருவருக்குத் தூணாக நிற்கும் இடம் ஆறாவது உறுப்பு. ஸ்திதிகரணம் என வடமொழியில் வழங்கும் இதற்கு எடுத்துக்காட்டாக வாரிடேண முனிவரின் கதையைச் சொல்வர். சேணிக மன்னனின் மகனாகிய அவர் துறவு பூண்டார். அவருடன் துறவு பூண்ட நண்பரோ பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தும் தாம் விட்டுவந்த மனைவியையே நினைந்திருந்தார். வாரிடேணர் அவரைக் கடிந்து ஒதுக்கவில்லை. தம் அரண்மனைக்கே அழைத்துச் சென்றார். தாம் துறந்த மனைவியரையும் செல்வத்தையும் காட்டி, வேண்டுமாயின் இவை அனைத்தையும் ஏற்றுக்கொள்க என்றார். நண்பர் நாணி, தம் தளர்ச்சி நீங்கி, நெறியில் உறுதியுற்றார். தளர்ந்தவரை இகழாமல் தாங்கிப் பிடித்த பெருமையே அக்கதையின் பொருள்.

இளங்கௌதமர் இவ்வுறுப்பைக் கல்லில் நிகழ்த்திக் காட்டினார். தளர்ந்தது ஒரு மனிதரானாலும் ஒரு கோயிலானாலும் செய்ய வேண்டுவது ஒன்றே. குறைகூறி விலகுதல் எளிது. பழைய பெருமையைப் பேசிப் பெருமூச்செறிதல் அதனினும் எளிது. அருகில் சென்று தோள் கொடுத்தலே அரிது. மதுரையில் அரச ஆதரவு குறைந்தது குறித்து அவர் வருந்தியிருக்க எத்தனையோ காரணங்கள் இருந்தன. அவர் பெயரால் கல்லில் நிலைத்திருப்பதோ ஒரு புலம்பலன்று, ஒரு மண்டபம்.

நாளை எரியவேண்டிய விளக்கு

திருப்பணியோடு அவர் கடன் முடிந்துவிடவில்லை. கோயிலில் வழிபாடு தொடர்ந்து நடைபெறும்பொருட்டு நிலம் ஒதுக்கப்பட்ட செய்தியையும் கல்வெட்டு குறிக்கின்றது. ஐவர்மலையில் சாந்திவீரக் குரவர் பொன் வைத்ததும், தேனிமலையில் இருக்குவேள் நிலம் அளித்ததும் இத்தன்மையனவே. புதுக்குதல் இன்றைய கடமை. நிலம் விடுதல் நாளைய கடமை. தாம் இல்லாத காலத்திலும் அங்கே அமுது படைக்கப்பட வேண்டும், விளக்கு எரிய வேண்டும் என எண்ணியவரின் நம்பிக்கை, தம் ஆயுளோடு எல்லை கட்டிக்கொள்ளாதது.

இங்கே நாம் ஒரு கேள்வியை மறைக்காமல் கேட்டாக வேண்டும். அந்த நிலங்கள் இன்று எங்கே? அந்த விளக்கு இன்று எரிகின்றதா? அறிவர் கோயில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். நித்திய பூசை அங்கே இல்லை. சுற்றுவட்டார ஊர்களில் நம் மரபின் பழங்குடிகள் இன்று வாழவில்லை. செட்டிப்பட்டி முதலிய இடங்களில் சோழர் காலம்வரை சிறந்திருந்த பள்ளிகள் மண்மேடாகின. நார்த்தாமலையில் ஒரு காலத்தில் சமணர் தங்கிய குகை சமணர்குடகு என்னும் பெயரை மட்டும் சுமந்து நிற்கின்றது. அவ்வாறாயின் இளங்கௌதமரின் நம்பிக்கை பொய்த்துவிட்டதா?

பொருள்கள் நிலையாதவை என்பது அருகன் நெறியின் அடிப்படைப் பாடங்களுள் ஒன்று. பன்னிரு அனுப்பிரேட்சைகளில் முதலாவது அநித்தியம். அதைக் கற்றுத் தந்த ஆசிரியர், தாம் எடுத்த மண்டபமும் நிலையாது என்பதை அறியாதவர் அல்லர். அறிந்தும் எடுத்தார். நிலைக்கும் என்னும் உறுதி கிடைத்த பின்னரே செய்வது வணிகம். நிலைக்குமோ நிலையாதோ, இது நம் கடன் எனச் செய்வதே நம்பிக்கை. பலனை அவாவாமை என்னும் இரண்டாம் உறுப்பு இங்கேதான் ஆறாம் உறுப்போடு கைகோக்கின்றது.

அவர் விட்ட நிலம் மறைந்தது. அவர் எடுத்த முகமண்டபம் சிதைந்தது. ஆனால் அவர் புதுக்கியதனால் கோயிலின் உள்ளகம் பிழைத்தது. விதானத்துப் பொய்கை பிழைத்தது. இன்று உலகெங்கிலுமிருந்து வருவோர் தமிழகத்தில் ஆருக சமயம் தழைத்த வரலாற்றை அந்தப் பொய்கையை நோக்கியே தெரிந்துகொள்கின்றனர். கருவறையினுள் நின்று ஓங்காரத்தை மெல்ல ஒலிப்போர், பாறை முழுதும் அவ்வொலி நிறைந்து எதிரொலிப்பதைக் கேட்டுச் சிலிர்க்கின்றனர். அறத்தை உலகறிய விளக்குதல் என்னும் எட்டாம் உறுப்பு, அவர் எண்ணியிராத வகையில் அங்கு நாள்தோறும் நிறைவேறுகின்றது.

நமது இல்லங்களில்

நம் குடும்பங்கள் இன்று சிதறி வாழ்கின்றன. திருவண்ணாமலை, விழுப்புரம், காஞ்சிபுரம், வேலூர்ப் பகுதிகளின் ஊர்களில் ஜினாலயங்கள் இருக்கின்றன. பிள்ளைகளோ சென்னையிலும் பெங்களூரிலும் கடல்கடந்த நாடுகளிலும் இருக்கின்றனர். நித்திய பூசைக்கு ஆள் போதாமை, மழைநீர் கசியும் விமானம், ஓலைச்சுவடிகளைப் படிக்கத் தெரிந்தோர் குறைதல் ஆகியவை பெரியோர் பலரின் கவலைகள். அக்கவலைகள் பொய்யானவை அல்ல. அதே கவலைகள் 9ஆம் நூற்றாண்டிலும் இருந்தன என்பதே இளங்கௌதமரின் வாழ்வு நமக்குச் சொல்லும் ஆறுதல். அவற்றின் நடுவே ஒருவர் ஒரு மண்டபத்தைப் புதுக்கினார் என்பதே அது நமக்கு இடும் கட்டளை.

அன்றாட வாழ்வில் நம்பிக்கை பெரிய செயல்களில் வெளிப்பட வேண்டும் என்பதில்லை. அந்திக்கு முன் உணவை முடித்துக்கொள்ளும் வழக்கத்தை, அலுவல் நேரம் மாறிய வீட்டிலும் வாரத்தில் சில நாளேனும் காப்பது நிலைநிறுத்துதல். நீரை வடித்துப் பருகும் வழக்கத்தின் கருணையை, குழாய்நீர்க் காலத்துப் பிள்ளைக்கு விளங்கச் சொல்வது நிலைநிறுத்துதல். ஊர்க் கோயிலில் தம் முறை வரும்போது நேரில் செல்ல இயலாதவர், அம்முறை தடைப்படாதிருக்க ஏற்பாடு செய்வது நிலைநிறுத்துதல். மனம் தளர்ந்து விலகிய உறவினரை விழாநாளில் அன்போடு அழைத்து அருகில் அமரச் செய்வதும், ஏன் வரவில்லை எனக் கேளாமலிருப்பதும் நிலைநிறுத்துதலே.

இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் வேண்டாம். இளங்கௌதமர் புதுக்கிய மண்டபம் இருபத்திரண்டரை அடி நீளமே உடையது என்பதை மறவாதிருப்போம். கைக்கெட்டும் அளவுள்ள ஓர் அறத்தைத் தேர்ந்தெடுத்து, அதை முழுமையாகச் செய்து, நாளைக்கும் வழிவகுத்துச் சென்றார் அவர். பதினொரு நூற்றாண்டுகளுக்குப் பின் அவர் பெயரை நாம் வாசிக்கின்றோம்.

அடுத்தமுறை சித்தன்னவாசல் செல்லும் குடும்பத்தார், ஓவியங்களைக் கண்டபின் தென்புறப் பாறையின் முன்னே சற்று நின்று, அக்கல்வெட்டைத் தம் பிள்ளைகளுக்குக் காட்டுவாராக. எழுத்து புலப்படாமற் போகலாம். இங்கே ஓர் ஆசிரியரின் பெயர் உள்ளது என்று சொன்னால் போதும். அங்குச் செல்ல இயலாதோர், இன்று மாலை இல்லத்தில் பஞ்ச நமஸ்காரம் ஓதும்போது, ஆசாரியர்க்குரிய மூன்றாம் வணக்கத்தில் இளங்கௌதமரையும் நெஞ்சில் நிறுத்துவாராக. அவர் விட்டுச்சென்ற விளக்கு அந்த நொடியில் மீண்டும் எரியும்.

அறம் வாழ்க. அருகன் திருவடி வெல்க.